மடித்து வெட்டிய கார்ப்பெட்

நீங்கள் கத்தரிக்கோலை எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் உங்கள் குஷன் கடைப்பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கண்ணாலேயே அளந்து, ஒரு முழு ரெக்சினைச் சரக்கென்று வெட்டினார். எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதனால் நான் வெட்டின கதையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள், நானே இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் குஷன் வேலைக்கு வந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. அதற்கு முன்னால் பதினாலு வருஷம் பெரம்பலூரில் தையல்காரன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஜாக்கெட், பாவாடை, எல்லாம் தைப்பேன். ரெடிமேட் கடைகள் வரிசையாக வந்து உட்கார்ந்ததும் என் மிஷின் தூங்க ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் கடைசியில், துறையூர் ரோட்டில் கார், ஜீப், லாரிகளுக்கு சீட் தைக்கிற ஒரு குஷன் கடையில் போய்ச் சேர்ந்தேன்.

கடை மேஸ்திரி என்னைவிட ஒன்பது வயது சின்னவர். நான் அவரை "மேஸ்திரி" என்பேன், அவர் என்னை "அண்ணே" என்பார். அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவனை எப்படியெல்லாம் கிண்டல் செய்யலாம் என்று அந்த மனிதரிடம்தான் பார்த்தேன். முதல் நாளே கம் என்கிற பசை டப்பாவைத் திறந்து என் கால்சட்டையையும் ஸ்டூலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டேன். எழுந்தால் ஸ்டூலும் கூடவே எழுந்தது. "அண்ணே, வேலையில ஒட்டிக்கங்கன்னு சொன்னது வாஸ்தவந்தான், அதுக்காக இப்படியா?" என்றார்.

நான் சேர்ந்து நாலைந்து மாதம் இருக்கும், நல்ல சித்திரை வெயில். லப்பைக்குடிக்காட்டிலிருந்து சலீம் பாய் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். லேண்ட்மாஸ்டர். அம்பாசிடருக்கு முந்தின வண்டி, நீங்கள் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். பெடல்கள் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். ஹெட்லைட்டைத் தாழ்த்துவதற்கு டிம்மர் சுவிட்சும் தரையில்தான், இடது காலால் அமுக்க வேண்டும். சலீம் பாயின் அத்தா, அதாவது அப்பா, வாங்கிய வண்டி. அவர் காலமாகிவிட்டார். சலீம் பாய் துபாயில் கிரேன் ஓட்டுகிறார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு.

டிக்கியிலிருந்து மெரூன் கலரில் ஒரு சுருளை இறக்கி வைத்தார். துபாயில் வாங்கியது. அடியில் தடிமனாக ஃபெல்ட் ஒட்டியே வந்திருந்தது, சூட்டை மேலே விடாது.

"அளவு சொல்லி வெட்டி வாங்கினேன் மேஸ்திரி. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் கரெக்டா இருக்கும். ஒரு சாண் கூட மிச்சம் கிடையாது, பாத்துக்கங்க" என்றார்.

கார்ப்பெட் அழகுக்கு இல்லை. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. மாதம் ஒரு தடவை திருச்சிக்கு டாக்டரிடம் போக வேண்டும், போவது இந்த வண்டியில்தான், முன் சீட்டில் இடது பக்கம். வண்டிக்குள் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவார். வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய வண்டிக்குள் செருப்புக் காலோடு உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. வண்டியின் புகைக்குழாய் இடது பக்கமாகவே தரைக்கு அடியில் ஓடுகிறது. பழைய கார்ப்பெட் அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கி மக்கிப் போய்விட்டது. முந்தின வருஷக் கோடையில் திருச்சி போய்த் திரும்பி வீட்டில் இறங்கியபோது அம்மாவின் உள்ளங்கால் சூட்டில் கொப்புளித்துப் பொத்துப் போயிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. பேத்தி பார்த்துவிட்டு அலறியிருக்கிறாள். ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. இன்னொரு தடவை இப்படி ஆனால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எனக்கு வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு. அதுக்கப்புறம் ஆக்டிங் டிரைவரை வச்சுத்தான் அம்மா போகணும். வியாழக்கிழமை நானே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டா நிம்மதியா ஏறிப் போயிடுவேன்" என்றார் சலீம் பாய். அன்றைக்குத் திங்கட்கிழமை.

மேஸ்திரி சரி என்று வண்டியை வாங்கிக்கொண்டார். மறுநாள் எறையூர்ப் பக்கம் இரண்டு ஜீப்புக்கு சீட் மாற்றப் போக வேண்டியிருந்தது. புதன்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார்.

"அண்ணே, சீட்டைக் கழட்டிட்டு, பழசை உரிச்சு, அதை அச்சா வச்சு சாக்பீஸ்ல வரைஞ்சு வைங்க. கத்திரியை மட்டும் நான் வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

இதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டேன் தெரியுமா? என்னை ஏதோ நர்சரிப் பிள்ளை என்று நினைத்துவிட்டாரே என்று கேட்டுக்கொண்டேன். பதினாலு வருஷம் துணி வெட்டியவன் நான். இவர் பல் முளைக்கும் முன்பே... சரி, அவ்வளவு முன்னால் இல்லை. ஆனால் ரோஷம் வந்தால் கணக்கா பார்க்கிறோம்?

செவ்வாய்க்கிழமை பழைய கார்ப்பெட்டை உரித்தேன். முன் பக்கத்துக்கு ஒரே அகலத் துண்டு, நடுவில் ஒரு மேடு, அதற்கு இரண்டு பக்கமும் கால் வைக்கிற பள்ளம். இடது பாதி மக்கி, எடுக்க எடுக்கக் கையோடு உதிர்ந்தது. டிரைவர் பக்கத்து வலது பாதி மட்டும் நன்றாக இருந்தது. பாதிதான் இருக்கிறது, அச்சு முழுசாக வேண்டும், என்ன செய்யலாம்? தையல்காரனைப் போய் இந்தக் கேள்வி கேட்கலாமா? துணியை இரண்டாக மடி. பாதியை மேலே வை. ஒரே வெட்டு. பிரித்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று போல இருக்கும். ஜாக்கெட் முதுகை அப்படித்தான் லட்சம் தடவை வெட்டியிருக்கிறேன்.

மெரூன் கார்ப்பெட்டை நடுமேட்டுக் கோட்டில் மடித்தேன். பழைய வலது பாதியை மேலே பரப்பி வரைந்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். ஆமாம், எடுத்துவிட்டேன். தடிப்பான சாமான், இரண்டு மடிப்பு, கை நோக நோக வெட்டினேன். கிளச்சுக்கு ஒரு ஓட்டை, பிரேக்குக்கு ஒரு ஓட்டை, ஆக்சிலேட்டருக்கு ஒன்று, டிம்மர் சுவிட்சுக்கு வட்டமாக ஒன்று. அந்த வட்டத்தைக் காஜா எடுப்பது போல அவ்வளவு நேர்த்தியாக வெட்டினேன். நானே ஒரு தடவை தள்ளி நின்று ரசித்துப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிரித்தேன்.

வலது பக்கம் நாலு ஓட்டை. இடது பக்கமும் நாலு ஓட்டை. ஜாக்கெட்டுக்கு இரண்டு கை உண்டு, காருக்கு ஒரு டிரைவர்தான் என்கிற விஷயம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

சிரித்தீர்களா? நல்லது. நான் அன்றைக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு ஓட்டையும் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அம்மா கால் வைக்கிற இடத்தில். சூடு ஏறிவிடக் கூடாது என்று கடல் தாண்டி ஒரு மனிதர் சுமந்துகொண்டு வந்ததில், சூடு ஏறுவதற்கு நான் நாலு வாசல் திறந்து வைத்திருக்கிறேன். பின் பக்கத்துத் துண்டைத் தவிர வேறு கார்ப்பெட் கிடையாது. வெள்ளிக்கிழமை ஃபிளைட்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. வெட்டியது கூட முட்டாள்தனத்தில் சேர்த்தி. இது அப்படி இல்லை, யோசித்துச் செய்தது. வெட்டி எடுத்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கினேன். கிழிந்த பட்டுப்புடவையை இழை தெரியாமல் அடைக்கிற கை என்னுடையது. நாலு துண்டையும் அதனதன் ஓட்டையில் பொருத்தி, அடியில் கம் போட்டு ஒட்டி, மேலே ஊசியால் கோத்து, கார்ப்பெட்டின் முடியைச் சீப்பால் வாரிவிட்டேன். எங்கே ஓட்டை இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. புதன்கிழமை காலையில் முன்பக்கத்துத் துண்டை வண்டிக்குள் போட்டு, ஓரம் அடித்து, முன் சீட்டையும் ஏற்றி முடித்துவிட்டேன்.

கம்மைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடு ஏறினால் இளகும். குதிகால் பட்டுப் பட்டு, இரண்டு திருச்சிப் பயணத்தில் அந்தத் துண்டுகள் நகர்ந்துவிடும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் யோசித்தது வேறு. அது நகரும்போது சலீம் பாய் துபாயில் இருப்பார். அந்த அம்மாவுக்கோ சூடு தெரியாது. இப்படித்தான் நினைத்தேன், இந்த வாயால் இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மறுபடியும் போய் யூனிஃபார்முக்குப் பித்தான் தைக்க வேண்டுமே என்கிற பயத்தில் மனுஷன் எவ்வளவு கீழே இறங்குவான் என்பதற்கு நானே சாட்சி.

மதியம் மேஸ்திரி வந்தார். கத்தரிக்கோல் விஷயத்தில் முறைத்தார். பிறகு குனிந்து தடவிப் பார்த்தார். "பரவால்லண்ணே, அம்சமா உக்காந்திருக்கு" என்றார். நான் சீப்பைச் சட்டைப் பைக்குள் தள்ளி மறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சலீம் பாய் வந்தார். கூடவே ஒரு ஆட்டோவில் அவர் அம்மாவும் வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மகன் தோளைப் பிடித்து நடந்து வந்தார். கால் உதவாவிட்டாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"இவன் ஊருக்குப் போறதுக்குள்ள எனக்கு வண்டியைக் காட்டிப்புடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நின்னாத்தான் என்ன, அவனுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு" என்றார் மேஸ்திரியிடம்.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பாதத்தைக் கார்ப்பெட்டில் வைத்தார். ஒட்டுப் போட்ட இடத்தின் மேலேயே வைத்தார்.  பிறகு குனிந்து தன் காலையே பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்:

"மெத்துனு இருக்காடா? நீ வச்சுப் பாத்துச் சொல்லு. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

சலீம் பாய் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மெத்தை மாதிரி இருக்கும்மா" என்றார்.

"மாஷா அல்லாஹ்" என்று அந்த அம்மா சிரித்தார். மகன் சொன்னதை அப்படியே நம்பினார். மகன் என்னை நம்பிச் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அம்மா, காலை எடுத்துக்கங்க" என்று கத்திவிட்டேன். பாம்பு ஏதாவது இருக்கிறதோ என்று சலீம் பாய் பதறிப்போய் அம்மாவின் காலைத் தூக்கினார். நான் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். மடித்து வெட்டியதையும், ஒட்டி மறைத்ததையும், எல்லாவற்றையும் சொன்னேன். 

 சலீம் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்க மேஸ்திரி இது? நாளான்னிக்கு எனக்கு ஃபிளைட்டு. நான் போனப்புறம் இது பேந்து வந்திருந்தா?" என்றார். அவர் என்னைப் பார்த்துக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பவும் உறைத்தது.

அந்த அம்மா மட்டும் குனிந்து ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா?"

"கிளச்சுங்கம்மா."

"இது?"

"பிரேக்குங்கம்மா."

"இந்தாண்ட இருக்கறது ஆக்சிலேட்டரா? ஏந்தம்பி, இந்த வயசுல என்னையும் லைசென்ஸ் எடுக்கச் சொல்றியா? நானொரு பக்கம் ஓட்ட, இவனொரு பக்கம் ஓட்ட, வண்டி எந்தூருக்குப் போவும்?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சலீம் பாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

"அழுவாம வேலையைப் பாரு. என்ன செய்யலாம், அதைச் சொல்லு" என்றார் அந்த அம்மா.

பின் பக்கத்துக்கு வைத்திருந்த துண்டு மிச்சமிருந்தது, இன்னும் ஒட்டவில்லை. அதிலிருந்து முன்னால் இடது பாதிக்கு முழுசாக ஒன்று வெட்டலாம், நடுமேட்டில் ரெக்சின் பட்டி வைத்து இணைக்கலாம், மீதியைப் பின்னால் வலது பக்கம் போட்டால், ஓட்டை விழுந்த துண்டு அங்கே பொருந்தாது என்பதால் பின்னால் இடது பக்கம் மட்டும் வெறும் தகரமாக நிற்கும் என்றேன்.

"பின்னாடி எடப்பக்கம் யாரும்மா உக்காருவா?" என்று யோசித்தார் சலீம் பாய்.

"உன் மாமியாதான். அவுங்களுக்குச் சூடு நல்லாத் தெரியும், காலை எடுத்துக்குவாங்க. வெட்டச் சொல்லு" என்றார் அம்மா.

கத்தரிக்கோல் மேசை மேல் கிடந்தது. மேஸ்திரி அதை எடுத்தார். இனி அவர்தான் வெட்டுவார், நான் நாளைக்குக் கணக்கை முடித்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"இந்தத் தடவை மடிக்காம வெட்டுங்கண்ணே" என்றார்.

தம்பிகளா, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம்மிடம் வேலை கொடுக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சத்தம் போடுவார்கள், சண்டைக்கு வருவார்கள். அவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நம் வேலையில் குறை இருந்தால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். நம் தப்பைத் தன்னால் கண்டுபிடிக்கவே முடியாத ஆள் ஒருவர் வருவார். அவர் வரும்போது கொஞ்சம் பயப்படுங்கள். தப்பு செய்துவிட்டால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், என்னை மாதிரி சீப்பை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி தயார். சலீம் பாய் ஓட்டிப் பார்க்க வந்தார், அம்மாவும் கூடவே வந்தார். போகிற நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"டெய்லர் தம்பி, நீயும் வா. பின்னாடி எடப்பக்கம் உக்காரு. செருப்பைக் கழட்டிப்புடணும்."

தண்டனை என்று புரிந்துவிட்டது. மேஸ்திரி கதவைச் சாத்தும்போது குனிந்து, "காலைத் தூக்கக் கூடாதுண்ணே, பாய் கண்ணாடியில பாத்துக்கிட்டே வருவாரு" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போனோம். சுள்ளென்ற வெயில். முன்னாலும் பின்னாலும் சிமெண்டு லாரிகள், முந்த வழியில்லை, ஊர்ந்துதான் போக முடிந்தது. முதல் பத்து நிமிஷம் தகரம் வெதுவெதுப்பாக, சொல்லப்போனால் சுகமாகக் கூட இருந்தது. பாதி வழியில் குதிகாலை மட்டும் ஊன்றினேன். பிறகு விரல் நுனியை மட்டும். அப்புறம் ஒரு கால் மாற்றி ஒரு கால். அரியலூரில் ரயில்வே கேட் போட்டிருந்தான். எஞ்ஜினை அணைக்காமல் நின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து முழுசாகப் போய் முடிகிற வரைக்கும் நின்றோம். அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் நிற்பது போல இருந்தது எனக்கு. ஆனாலும் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கவில்லை. என் முன்னால் அந்த அம்மா இரண்டு பாதத்தையும் கார்ப்பெட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, கடந்து போன பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் முன் சீட்டின் மேல் எட்டி அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யா அல்லாஹ், ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று அவர் சாமியையும் என் சாமியையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டி ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினார் சலீம் பாய். இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, ரோட்டிலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தார். அம்மாவின் பாதத்தை மெல்லத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். போன வருஷத்துத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சுற்றிலும் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அடுத்த காலையும் பார்த்தார். நான் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா, ஏதாச்சும் பொத்திருக்கா?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. குளுகுளுன்னு இருக்கு."  எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நிம்மதியாப் போவேன்ம்மா" என்றார்.

அம்மா பின்னால் திரும்பினார். "உன் காலைக் காட்டு தம்பி."

கூச்சமாக இருந்தது. வேண்டாம்மா என்றேன். விடவில்லை. காலைத் தூக்கிக் காட்டினேன். கட்டை விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொத்துப் போயிருந்தது. அவர் சீட்டின் மேல் எட்டிக் குனிந்து அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குதுங்கம்மா."

"குடுத்து வச்சவன்ப்பா நீ."